எட்டு வீட்டு மண்வெட்டி

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது. சும்மா சொல்லவில்லை. ஜீப் ரோடு முடியும் இடத்துப் பாறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி. நாங்கள் எட்டு வீட்டுக்காரர்களும் அங்கே பேசித் தீர்த்த பொழுதைச் சேர்த்து வைத்துக் களையெடுத்திருந்தால் இந்தச் சரிவு முழுக்கச் சுத்தமாகியிருக்கும்.

இத்தனை பேச்சும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக. அதைக் கட்டலாமா வேண்டாமா என்று கூட இல்லை. எங்கே கட்டுவது என்றுதான்.

வில்பட்டிக்கு அந்தப் பக்கம், மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள் எங்களுடையவை. கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், பூண்டு. மேலே சோலைக்காட்டுக்குள்ளிருந்து ஓர் ஊற்று வருகிறது. ஊற்றின் வாயில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கறுப்பு ஓஸ் குழாயைச் சொருகி, காடு மேடெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து தங்கள் தோட்டத்தில் விட்டுக்கொள்வோம். அப்படித்தான் பல வருஷமாக நடந்தது. எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி ஓஸ்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கும். காட்டுமாடு மிதித்தால் ஓஸ் நசுங்கிப் போகும். கோடையில் இன்னும் மோசம். ஊற்று மெலிந்துவிடும், ஒருவர் ஓஸை ஒருவர் பிடுங்கிப் போடுவார்கள். யார் பிடுங்கியது என்று கேட்டால் காட்டுமாடு என்பார்கள். காட்டுமாடு என் ஓஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அதனுடைய ஓஸைச் சொருகிவிட்டும் போகுமா என்று நான் ஒருதரம் கேட்டேன். அன்று முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை.

கடைசியில் எல்லாருக்கும் அலுத்துப்போய், இனி ஓஸே வேண்டாம், ஒரு பெரிய குழாய் போட்டுத் தண்ணீரை ஒரு தொட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று முடிவானது. அது வரைக்கும் ஒரு தகராறும் இல்லை. நானும்தான் தலையாட்டினேன்.

தொட்டியை எங்கே கட்டுவது என்ற இடத்தில்தான் சிக்கல். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, அவர் தோட்டம் ஜீப் ரோடு முடியும் இடத்தில் இருக்கிறது. அங்கே பாறையை ஒட்டி நல்ல சமதரை. சிமெண்டும் மணலும் ஜல்லியும் ஜீப்பில் வந்து அந்த இடத்திலேயே இறங்கிவிடும். எங்கள் கீழத் தோட்டத்தையும் சேர்த்து எட்டு வீட்டுத் தோட்டமும் அதற்குக் கீழேதான். எங்கள் மேலத் தோட்டம் ஒன்றுதான் அதற்கு மேலே. தண்ணீர் ஏறி வராது. ஊற்றில் இருக்கும் ஓஸை எல்லாம் எடுத்துவிட்டால் எங்கள் மேலத் தோட்டம் வானம் பார்த்த பூமிதான். ஓர் ஓஸை மட்டும் விட்டுவைத்தாலும் பழைய சண்டை திரும்பி வரும் என்று அதற்கும் யாரும் ஒப்பவில்லை.

தொட்டியை எங்கள் தோட்டத்துக்கு மேலே கட்டுங்கள் என்று நான் கேட்டேன். அங்கே போக ஒற்றையடிப் பாதைதான் உண்டு. முட்டி முகத்தில் இடிக்கிற ஏற்றம். மணலும் ஜல்லியும் அத்தனையும் தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். ஒரு வீட்டின் ஒரு துண்டு நிலத்துக்காக எட்டு வீடும் சுமக்க வேண்டும். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. காரணத்தை அவர்களிடம் சொல்லவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. முதலில் சின்னச் சின்னதாகத்தான். டீயில் உப்பைப் போட்டார். சட்டைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்திருக்கும் எங்கள் மகள் போன் பண்ணினால், மிகவும் மரியாதையாக, "நீங்க யாருங்க பேசுறது?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, அப்பா என்னைக் கேலி பண்ணுறார் என்றாள். நானும் ஆமாம் என்றேன். பிறகு ஒருநாள் விதைப் பூண்டு விசாரிக்க வத்தலக்குண்டு போனவர், திரும்பி வரத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார். தெரிந்த கண்டக்டர் ஒருவர் பார்த்துக் கையோடு கூட்டிவந்து விட்டார். 

மேலத் தோட்டத்துக்குப் போனால் மட்டும் அவருக்கு எல்லாம் சரியாகிவிடும். விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். ஓஸில் வரும் தண்ணீர் வாய்க்காலில் ஓடும். பாத்தி நிறைந்ததும் ஒரு வெட்டு வெட்டி மடையை அடைப்பார். அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவார். அதில் ஒருநாளும் பிசகியதில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் என் பேரைச் சொல்லித் திரும்புவார். வீட்டில் வைத்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். அவர் செய்யும் வேலையை நிறுத்திவிடாதீர்கள், அது இருக்கிற வரைக்கும் ஆள் இருப்பார் என்றார்.

ஊரில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓர் ஆளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று தெரிந்துவிட்டால், அன்றிலிருந்து யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, "சாப்பிட்டாரா, தூங்கினாரா" என்று அவர் பெண்டாட்டியிடம் கேட்பார்கள். இவர் ஊரில் நாலு பேர் வந்து யோசனை கேட்ட மனிதர். அப்படி ஒரு நிலைமையில் இவரை உட்காரவைக்க எனக்கு மனசில்லை.

அதனால் கூட்டத்தில் எல்லாவற்றையும் அவர் பேரிலேயே சொன்னேன். "இவரு ஒத்துக்கிட மாட்டேங்கிறாருங்க," என்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து லேசாகச் சிரித்துக்கொண்டு பாறையைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"அண்ணன் வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு பாத்தியா, அம்புட்டு வீம்பு," என்று கொழுந்தன் முணுமுணுப்பார். நான் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதை போடுவதோ, ஓடை தூர்வாருவதோ, கோயில் சுவர் வைப்பதோ, பொதுவேலை எதுவானாலும் முதலில் ஒரு மண்வெட்டியை நடுவில் வைப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அதை எடுத்து ஒரு வெட்டு வெட்டி மண்ணை அள்ளிப் போட வேண்டும். சம்மதம் இல்லாத வீட்டுக்காரர் தொட மாட்டார். ஒருவர் தொடாவிட்டாலும் வேலை ஆரம்பிக்காது. எல்லா வீடும் வெட்டிவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது, பேசியதும் இல்லை.

கோயம்புத்தூரில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒருவர் எங்கள் எட்டு வீட்டில் உண்டு. அவருக்கு இந்த வழக்கத்தைக் கண்டால் ஆகாது. ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார். "எதுக்குங்க இந்தப் பாடு? கை தூக்கச் சொல்லுங்க. ஏழு பேரு ஒரு பக்கம், ஒரு வீடு ஒரு பக்கம். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். அவங்கவங்க சோலியப் பாக்கப் போகலாம்," என்றார்.

அதற்கு யாரும் சத்தம் போடவில்லை. இலங்கைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறிய அண்ணன் ஒருவர், எல்லாருக்கும் சிலோன்கார அண்ணன், அவர்தான் நிதானமாகப் பதில் சொன்னார். "அஞ்சு நிமிசத்துல முடிச்சிறலாம் தம்பி. பொறகு குழாய் காட்டுக்குள்ள தானே கெடக்கும்? மனசு ஒப்பாத ஒரு ஆளு ஒரு அருவாவ எடுத்துட்டுப் போனா ஒரு வெட்டு. அதுக்குக் காவலு யாரு இருக்கிறது, நீங்களா? காவல் இருக்கிற நேரத்துக்கு இப்பிடி உக்காந்து பேசிறலாம்."

கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. என்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

ஆனால் உட்கார்ந்து பேசுவதும் சும்மா வருவதில்லை. ஒரு கூட்டம் இழுத்த வாரத்தில் முட்டைகோஸ் வெட்ட ஆளில்லாமல் வெடித்துப் போனது. பீன்ஸ் முற்றி நாராகிப் போனது. ஒட்டன்சத்திரத்துக்குச் சரக்கேற்ற வந்த லாரிக்காரர் மூட்டை இல்லாமல் திட்டிவிட்டுத் திரும்பினார். யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுபோகும். "மதினி, அண்ணங்கிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கொழுந்தன் பெண்டாட்டி ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர்கள் தோட்டத்தில் கேரட் கருகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. சொல்லிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எல்லாருமே களைத்துப்போயிருந்தோம். அவர்கள் என்னால் களைத்தார்கள். நான் யாரால் களைத்தேன் என்று சொல்ல முடியாது.

மாத்திரை தீர்ந்துபோன ஒருநாள் நான் தனியாகக் கொடைக்கானல் போனேன். பஸ்ஸில் அவரைக் கூட்டிப்போவது அதற்குள் பெரும்பாடாகியிருந்தது. முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, ஒரு கூடைப் பூண்டைக் கொட்டி, பெரிது சிறிது பிரித்துப் போடச் சொல்லிவிட்டுப் போனேன். அது அவருக்குப் பிடித்த வேலை. எழுந்திருக்க மாட்டார். வெரசா வந்துவிடலாம் என்று நினைத்தேன். சீசன் நேரம். ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை, திரும்பும்போது டூரிஸ்ட் வேன்கள் ஏரி ரோட்டை அடைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றன. குதிரையில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறவர்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருத்தரையும் மனசுக்குள் திட்டினேன்.

ஜீப் ரோடு வழியாக நடந்து வரும்போதே பாறைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் கூட்டத்தில் சிரிப்பு கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. டீத் தூக்குவாளி வந்திருந்தது. எட்டு வீட்டு ஆட்களும் நின்றார்கள். நடுவில் என் வீட்டுக்காரர். முழங்கால் வரை மண். கையில் எங்கள் வீட்டு மண்வெட்டி.

கொழுந்தன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "மதினி, அண்ணன் ஒத்துக்கிட்டாரு," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "கூட்டத்துக்குச் சொல்லலாம்னு வீட்டுக்கு வந்தேன். நீங்க இல்ல. அண்ணன் பூண்டு பெறக்கிக்கிட்டு இருந்தாரு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான், அண்ணே, இன்னைக்கு மண்வெட்டி போட்டுருவமான்னு கேட்டேன். படக்குன்னு எந்திரிச்சாரு. செவுத்துல சாத்தியிருந்த மண்வெட்டிய எடுத்துக்கிட்டு எனக்கு முன்னால நடக்காரு மதினி. எல்லாரையும் போன் போட்டுக் கூப்புட்டேன். நாங்கதான் அவருக்குப் பின்னால ஓடுனோம்."

"ஒரு வெட்டுப் போதும்ணே, போதும்ணேங்கிறோம், நிறுத்த மாட்டேங்கிறாரு," என்றார் கோயம்புத்தூர்க்காரர். "அரைத் தொட்டிக்குக் குழி அவரே தோண்டிட்டாரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டியும் தெரியாது, கூட்டமும் தெரியாது. மண்வெட்டி என்ற சொல் காதில் விழுந்தது, எழுந்து வந்து வெட்டினார். காலமெல்லாம் உழைத்த கை, மண்ணைக் கண்டால் சும்மா இருக்காது. இதற்காக இந்த ஏழு பேரை நான் எப்படிக் கோபிக்க முடியும்? ஒத்துக்கொள்ளாதது அவர்தான் என்று அவர்களை நம்பவைத்தவள் நான். அவரே வந்து வெட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவருக்குப் புத்தி சரியில்லை, அவர் வெட்டியது எங்கள் வீட்டு வெட்டு ஆகாது என்று. அவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. குழியை மூடிவிட்டு மறுபடி பாறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஆளாளுக்கு அவர் தோளைத் தொட்டு, பெரிய மனசு அண்ணே, பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தைய முகம். அந்த முகத்துக்கு முன்னால் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

சிலோன்கார அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, "என்ன தங்கச்சி, மொகம் ஒரு மாதிரி இருக்கு. ஒங்களுக்கும் சம்மதம் தானே? இல்லாட்டிச் சொல்லிருங்க, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல," என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், ரகசியம் மாதிரிச் சொன்னார். "இந்தா, மேலத் தோட்டத்துக்குத் தண்ணி கொண்டாறோம். நாளைக்கு வெள்ளனே பாய்ச்சிப்புடலாம்." சொல்லிவிட்டு என் பேரையும் சொன்னார்.

"சம்மதந்தான்ணே," என்றேன் நான்.

தொட்டி மளமளவென்று எழும்பியது. ஊற்றிலிருந்த ஓஸ்களை எல்லாம் சுருட்டி எடுத்தார்கள். இவ்வளவு சுலபமாக முடிந்த காரியத்துக்கா இத்தனை நாள் மல்லுக்கட்டினோம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் வருகிறது. ஓஸ் பிடுங்குகிற சண்டை இல்லை. கேரட் செழித்துக் கிடக்கிறது. பெண்கள் என்னோடு பேசுகிறார்கள். கீழே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் முறை தவறாமல் பாய்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. சுமை எட்டு வீட்டுக்கும் வராமல் போனது உண்மைதான். வராமல் போன சுமை எங்கேயும் போய்விடவில்லை, ஒரே வீட்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

ஒரு தடவை மாட்டுக்குப் புல்லறுத்துவிட்டு அந்தக் குழாய் ஓரமாகவே வந்தேன். கையில் அருவாள். ஒரு வெட்டுப் போதும். என் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது, அவர்கள் வீட்டு வெட்டுத்தான் விழுந்துவிட்டதே என்பார்கள். காட்டுமாடு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அதற்குக் கூடத் தெம்பில்லை. அந்தத் தொட்டிக்குக் குழி தோண்டியது இவர் கை என்ற நினைப்பும் வந்தது. புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேலை முடிந்த பிறகு முதல் முதலாக அவர் மேலத் தோட்டத்துக்குப் போன காலையில், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வரப்பெல்லாம் ஓஸைத் தேடினார். காணாமல் திரும்பி வந்து, "இது யாரு தோட்டம்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

இப்போது நான் அவருக்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். தொட்டியில் பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் மொண்டு தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மணல் சுமக்க முடியாது என்று எல்லாரும் சொன்ன அதே ஒற்றையடிப் பாதைதான். மேலே ஒரு பழைய டிரம் வைத்திருக்கிறேன், வாய்க்கால் தலைப்பில், செடி மறைவில். அது நிறையும் வரைக்கும் நடப்பேன். அவர் மண்வெட்டியோடு வரும்போது டிரம்மைச் சாய்த்துவிடுவேன். தண்ணீர் ஓடும். அவர் குனிந்து மடையைத் திறப்பார். பாத்தி நிறைந்ததும் அடைப்பார். என் பேரைச் சொல்லி, இந்தப் பக்கம் வராதே, சேறு என்பார்.

இரண்டு பாத்தி நனையுமுன் தண்ணீர் நின்றுவிடும். அவர் நிமிர்ந்து வாய்க்காலைப் பார்ப்பார்.

"ஏன், தண்ணி இம்புட்டு வெரசா நின்னுபோச்சு?"

"நம்ம மொறை முடிஞ்சிருச்சுங்க. நாளைக்கு வரும்."

"அதுஞ்சரிதான்," என்பார். "எட்டு வீடு இருக்குல்ல. எல்லாருக்கும் பாயணும்ல."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் இறங்குவார். நான் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு பின்னால் இறங்குவேன்.